காலி நாற்காலியின் வருகை

ஜோவிட்டா குவார்ல்ஸைப் பார்லோ மரபுப் பள்ளியிலிருந்து வெளியேற்றிய மறுநாள் காலை, ஏழாம் வகுப்பில் அவளுடைய காலி நாற்காலி "உள்ளேன், மேடம்" என்றது. பட்டியலில் அவள் பெயர் இல்லை, யாரும் கூப்பிடவும் இல்லை. ஆர்லெஸா ப்ரூயிட் தன் பெயருக்குப் பதில் சொல்லி முடித்ததும், வரிசையில் அடுத்து வரவேண்டியவள் வந்தாள், அவ்வளவுதான். வகுப்பாசிரியை திருமதி கோல்பர்ன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு அடுத்த பெயரை வாசித்தார். அன்று மதியம் செவ்வகப் பீட்சா. பிள்ளைகள் அதைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள்.

பார்லோ அரசுப் பள்ளிதான், ஆனால் லூயிவில் நகரத்தில் யார் வேண்டுமானாலும் அதற்குள் நுழைந்துவிட முடியாது. குலுக்கலில் பெயர் விழ வேண்டும். விழுந்த பின் சட்டையைக் கால்சட்டைக்குள் செருக வேண்டும், பெல்ட் கட்ட வேண்டும், தாழ்வாரத்தில் வாய் திறக்காமல் வலப்பக்கமாக நடக்க வேண்டும், வீட்டுப்பாட நோட்டில் தினமும் பெற்றோர் கையெழுத்து வாங்க வேண்டும். தவறினால் அவரவர் பேட்டைப் பள்ளிக்குத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஆர்லெஸாவின் அம்மா வருடா வருடம் குலுக்கலில் தோற்று, ஆறாம் வகுப்புக்குத்தான் ஜெயித்தாள். மகளின் வெள்ளைச் சட்டைகளை அவளே இஸ்திரி போடுவாள், வேறு யாரையும் தொடவிடமாட்டாள். ஜோவிட்டாவின் அம்மாவோ விமான நிலையத்தில் பார்சல்களை ஊர்வாரியாகப் பிரிக்கிறவள், இருட்டியதும் போனால் மகள் பஸ் ஏறிய பிறகுதான் வருவாள். கையெழுத்துக்கு அந்தப் பிள்ளை எங்கே போகும்? ஆர்லெஸாவுக்குப் பெரியவர்களுடையதைப் போன்ற எழுத்து. பஸ்ஸில் தினமும் 'டி. குவார்ல்ஸ்' என்று போட்டுக் கொடுத்தாள். பிப்ரவரியில் ஒரு திங்கட்கிழமை, சோம்பல்பட்டு, வெள்ளிக்கிழமை வரை ஒரேயடியாகப் போட்டுவிட்டாள். இன்னும் வராத வெள்ளிக்கிழமையின் வீட்டுப்பாடத்தை ஒரு தாய் எப்படிப் பார்த்தாள் என்று திருமதி கோல்பர்ன் கேட்டார். கேட்கத்தானே செய்வார். யார் போட்டது என்றார். ஜோவிட்டா எழுந்து, நான்தான் என்றாள். ஆர்லெஸா குனிந்து தன் பெல்ட்டின் துளைகளை எண்ணிக்கொண்டிருந்தாள். ஐந்து இருந்தன.

காத்திருப்போர் பட்டியலிலிருந்து டெஸ்மண்ட் என்ற பையன் வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்தான். மூன்று நாள் தனக்கு அடியிலிருந்து குரல் வந்ததும், பின்வரிசைக்கு மாற்றச் சொல்லிக் கேட்டான்; மாற்றினார்கள். குரல் சட்டையைச் செருகியிருக்கிறதா என்று ஆசிரியர் கூட்டத்தில் ஒருவர் கேட்டாராம். நிரூபிக்க வழியில்லாததால் விட்டுவிட்டார்கள். ஆர்லெஸாவுக்கு மட்டும் சோறு தண்ணி இறங்கவில்லை. தினமும் காதுக்குப் பக்கத்திலேயே அந்தக் குரல் கேட்கும், அதில் கோபம் துளிகூட இருக்காது. திட்டியிருந்தாலாவது தேவலை. இரண்டு நாள் வயிற்று வலி என்று வீட்டிலேயே படுத்துக்கொண்டாள். அந்த இரண்டு நாளும் நாற்காலி வாய் திறக்கவில்லை என்று டெஸ்மண்ட் சொன்னான்.

தவக்காலத்தில் தேவாலயத்தில் வெள்ளிக்கிழமை போடும் மீன் வறுவல் விருந்துக்குப் போனபோது, தட்டேந்திய வரிசையில் ஜோவிட்டா எதிரே வந்தாள். இளைத்திருந்தாள். பேட்டைப் பள்ளி எப்படி என்று ஆர்லெஸா கேட்டாள்.

"அங்க நான் இல்லவே இல்லடீ. முதல் பெஞ்சுலதான் உக்காந்திருக்கேன். பேரு கூப்பிட்டா அந்த ஒரு வார்த்தை மட்டும் வரமாட்டேங்குது. கையத் தூக்கினா, வாயில என்ன கொழுக்கட்டையான்னு கேக்குறாரு சார். இருபத்தெட்டு நாள் ஆப்சென்ட் போட்டாச்சு. பிள்ளைய ஸ்கூலுக்கு அனுப்பலன்னு அம்மாவ கோர்ட்டுக்கு வரச் சொல்லி லெட்டர் வந்திருக்கு."

"அது எங்க கிளாஸ்ல இருக்கு," என்றாள் ஆர்லெஸா.

ஜோவிட்டா மீன் துண்டைப் புரட்டிப் பார்த்தாள். "நல்லா சொல்லுதா?"

"நல்லாத்தான் சொல்லுது."

திங்கட்கிழமை ஆர்லெஸா முதல்வர் ட்வில்லியின் அறைக்குப் போய் எல்லாவற்றையும் கொட்டினாள். அம்மா இஸ்திரி போட்ட சட்டையோடு கடைசியாக ஒரு முறை நிற்கிறோம் என்றுதான் நினைத்தாள். அவர் விதிப்புத்தகத்தைப் புரட்டினார். பிள்ளையே பெற்றோர் கையெழுத்தைப் போட்டால் வெளியேற்றம். வேறொருவர் போட்டு, அவரே வந்து ஒப்புக்கொண்டால், இருவருக்கும் மூன்று சனிக்கிழமை பள்ளியில் தண்டனை வகுப்பு. ஜோவிட்டாவின் இடம் டெஸ்மண்டுக்குப் போய்விட்டது, இனி திருப்பித் தர விதியில்லை. அன்று சாயங்காலமே ஆர்லெஸா போய் இதைச் சொன்னாள். ஜோவிட்டா கதவைப் பாதி திறந்தபடி பிடித்திருந்தாள்.

"மூணு சனிக்கிழமை. அவ்வளவுதானாடீ?"

அந்த மூன்று சனிக்கிழமையும் தண்டனை வகுப்பில் ஆர்லெஸா தனியாகத்தான் உட்கார்ந்தாள்.

குரல் இடம் மாறவில்லை. இரண்டு பள்ளி அலுவலகங்களும் போனில் பேசி ஒரு வழி செய்தன: பிள்ளை பார்லோவில் பதில் சொல்வதால், தினமும் காலையில் பார்லோவிலிருந்து ஒரு சீட்டு பேட்டைப் பள்ளிக்குப் போகும், அதை வைத்து அங்கே வருகை போடுவார்கள். பழைய ஆப்சென்டுகளையும் அடித்துவிட்டார்கள், கோர்ட்டுக் கடிதமும் ரத்தானது. சீட்டில் சாட்சிக் கையெழுத்து ஒன்று வேண்டும். அதை ஆர்லெஸா போட்டாள், தன் சொந்தப் பெயரில், அந்தந்த நாளுக்கு அந்தந்தக் காலையில். அவள் வராவிட்டால் குரல் வராது என்பதால் அன்று முதல் அவள் விடுப்பே எடுக்கவில்லை. காய்ச்சலோடு வந்தாள். தாத்தாவை அடக்கம் செய்த அன்றுகூட முதல் மணிக்கு வந்து, பதில் சொல்லி, காத்திருந்து, கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் கல்லறைக்குப் போனாள்.

எட்டாம் வகுப்புக்குக் குரலும் அவளோடு மாறி வந்தது. அந்த வகுப்பின் முடிவில், வருடம் முழுக்கத் தவறாமல் வந்ததற்காக அவளை மேடைக்குக் கூப்பிட்டார்கள். அம்மா முதல் வரிசையில் உட்கார்ந்து கைதட்டினாள். ஆர்லெஸா ஏறிப்போய், ஓர் ஆள் நிற்க இடம் விட்டு ஒதுங்கி நின்றாள். பக்கத்தில் "உள்ளேன்" என்று கேட்டது. முதல்வர் ட்வில்லி முதல் சான்றிதழை அந்தக் காலியிடத்தின் பக்கம்தான் நீட்டினார்.