கடலைக்காரியின் தெளிந்த தண்ணீர்

சாயப்பட்டறை ஆய்வுக்கூடத்தில் இருந்தவளுக்குக் கடலைக்காரி என்று பட்டம் கட்டியது அங்கே துணி முக்குகிறவர்கள்தான். பின்னே, எண்ணெய் ஆலையில் கழித்துப்போட்ட நிலக்கடலைத் தோலை மூட்டை மூட்டையாக அள்ளி வந்து, அலசிக் காயவைத்து, பொடித்துத் தொட்டியில் நிரப்புகிறவளை வேறு என்ன சொல்வார்கள்? ஆனால் மேலே ரத்தச் சிவப்பாக விட்ட கழிவுநீர் அடியில் குடிதண்ணீர் மாதிரி ஒழுகியபோது எல்லார் வாயும் அடைத்துப்போனது. அவளுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

தோல் சாயத்தைத்தான் பிடிக்கும், சாயம் ஏறுவதற்காகக் கொட்டுகிற உப்பைப் பிடிக்காது, அதற்குத் தனி இயந்திரம் வேண்டும் என்று முதலிலேயே சொல்லியிருந்தாள். முதலாளியும் மண்டையை ஆட்டியிருந்தார். தண்ணீர் தெளிந்ததும் மண்டை ஆடுவது நின்றுவிட்டது. கண்ணுக்குத் தெரியாத உப்புக்கு எவன் செலவழிப்பான்?

பட்டறைக் கழிவு ஓடும் வாய்க்காலின் கீழ்ப்பக்கம் அவள் அண்ணனுடைய கீரைத்தோட்டம். இலைகளெல்லாம் உப்பில் ஓரம் கருகி நின்றன. முன்பெல்லாம் அவன் சிவப்புத் தண்ணீரைப் பாட்டிலில் கொண்டுபோய்க் காட்டினால் அதிகாரிகள் முகமாவது சுளித்தார்கள். இப்போது வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, நன்றாகத்தானே இருக்கிறது என்று திருப்பி நீட்டினார்கள். உப்பை அளந்து பாருங்கள் என்றால், பார்க்கலாம் பார்க்கலாம் என்றார்கள்.

"உன் தோலு சாயத்தை மட்டுமா உறிஞ்சுச்சு? என் சாட்சியையும் சேத்து உறிஞ்சிடுச்சு," என்றான் அண்ணன். "ஒரே ஒரு நாள் சிவப்பா விடு. போதும்."

பெற்ற பிள்ளையைத் தானே கிள்ளச் சொன்னதுபோல் அவளுக்கு வலித்தது. இருந்தும் மறுநாள் தொட்டிக்குப் போகும் குழாயை அடைத்து, கழிவை நேராக வாய்க்காலில் திறந்துவிட்டாள். வேலை முடிந்து தோட்டத்துக்குப் போனால், அண்ணன் பாட்டிலை நிரப்பி வைத்திருந்தான்.

அவள் பின்னாலேயே முதலாளியும் வந்து சேர்ந்தார். கோபப்படக்கூட இல்லை, பாவி.

"தாராளமா கொண்டுபோய்க் காட்டுங்க," என்றார் அண்ணனிடம். "தொட்டி நல்லாத்தான் இருக்கு. திறந்துவிட்டது உங்க தங்கச்சி. உள்ள போறதும் அவங்கதான்."

"நீ காட்டுண்ணே," என்றாள் அவள்.

அண்ணன் அவளைப் பார்த்தபடியே மூடியைத் திருகினான். தண்ணீரைத் தன் கீரைப் பாத்தியிலேயே கொட்டினான்.

முதலாளி காரில் ஏறும்போது திரும்பினார். தோலின் பதம் அவளைத் தவிர யாருக்கும் தெரியாதே.

"நாளைக்கு நேரத்தோட வந்துடும்மா. தோலு மாத்தணும்."