நெல்லிச் சாமி படத்தில் நாலு விரல்

மலாயாவில், ரந்தாவ் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் அரிசியைக் கண்ணால் பார்த்தே வெகு நாளாகியிருந்தது. மூன்று வேளையும் மரவள்ளிதான். ஆனால் சப்பான்காரன் ஆட்சியிலும் நெல்லிச் சாமி படத்துக்கு மட்டும் பூவும் பொட்டும் ஒரு நாளும் தவறவில்லை. அந்தச் சாமியார் பேரில் தோட்டத்தார் நடத்திய சபையின் பூசாரி வீரமுத்து அதில் அப்படி ஒரு கறார்.

சாமி உயிரோடு இருந்தவரை தன்னைப் படம் பிடிக்க யாரையும் விட்டதில்லை. அவர் சமாதியான பிறகு அவருடைய மூட்டையைப் பிரித்தால், உள்ளே படம்! அதிலும் சாமியின் தோளுக்குப் பின்னால் நாலு விரல். படம் தானாக உண்டானது, விரல் அம்மனுடையது என்று வீரமுத்து அடித்துச் சொன்னார். தோட்டமே கன்னத்தில் போட்டுக்கொண்டது.

அவர் மனைவி முத்தாயிக்கு மட்டும் தெரியும், அது தன்னுடைய விரல் என்று.

சண்டைக்கு முன்னால் கேமராவோடு ஊர் ஊராகத் திரிந்த ஒரு சப்பான்காரன் ஒரு நாள் தோட்டத்துக்கும் வந்தான். முத்தாயி அப்போது சாமிக்குக் கஞ்சி கொண்டுபோயிருந்தாள்.

"என் மூஞ்சிய நானே பாத்து ரொம்ப நாளாச்சு முத்தாயி" என்று சிரித்தபடி சாமி உட்கார்ந்துவிட்டார். பின்னால் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துச் சுவர் பூராவும் வரட்டி. அதை மறைக்க ஒரு வெள்ளைத் துணியைத் தூக்கிப் பிடித்தவள் அவள்தான். படம் கைக்கு வந்ததும் சாமி அதை மூட்டைக்குள் வைத்துக்கொண்டார்.

இதைப் புருசனிடம் ஒருமுறை சொன்னாள். "ஒனக்கு அம்மனா ஆவணும்னு ஆசையா?" என்று சிரித்தார். அதோடு வாயை மூடிக்கொண்டாள். மனசுக்குள் கோபம்தான். ஆனால் அதே மனுசன் தினமும் படத்தில் இருக்கும் அவள் விரலுக்குப் பொட்டு வைத்துக் கும்பிடுவதைப் பார்த்தால் சிரிப்பு வந்துவிடும்.

வினை லோபாக் என்ற ஊரிலிருந்து வந்தது. அங்கேயும் சாமிக்கு ஒரு சபை உண்டு. அதன் தலைவர் இராசரத்தினம், கணக்கெழுதும் யாழ்ப்பாணத்துக் கிராணி, நல்ல மனிதர், பிடிவாதக்காரர். படம் தம் வீட்டில் எடுத்தது, அதனால் லோபாக்குக்கே சொந்தம் என்று சபைக் கூடத்துக்கே கேட்டு வந்துவிட்டார். வேறு காலமாக இருந்தால் இன்னொரு படம் போட்டுக் கொடுத்து அனுப்பியிருக்கலாம். இப்போது எந்தப் படக்கடையிலும் காகிதமே கிடையாது.

"என்ர வீட்டு விறாந்தையிலதான் எடுத்தது. பின்னால தெரியிறது என்ர திரைச்சீலை" என்றார் இராசரத்தினம்.

"தானா வந்த படம்லா! அம்மன் விரலு தெரியல?" என்று வீரமுத்து கத்தினார்.

"விரலைக் கண்டனான். எந்த அம்மன் எண்டு நீர் கேட்டனீரோ?"

 கூடியிருந்த சனம் முணுமுணுத்தது. படம் கைவிட்டுப் போகப்போகிறது என்று முத்தாயிக்குப் புரிந்தது. போனால் இந்த மனுசன் சாப்பிடமாட்டார், தூங்கமாட்டார். வாயைத் திறந்தாலோ படம் தங்கும், அவருடைய அம்மன் போய்விடுவாள். இரண்டில் எது நடந்தாலும் அடிபடுவது அவர்தான். எழுந்து நின்றாள்.

"அது எங்க லயத்துக்கு முன்னால எடுத்ததுங்க. வெரலு என்னுது."

ரப்பர் பால்வெட்டுக் கத்தி பட்டுக் கோணிப்போன நடுவிரலைப் படத்துக்குப் பக்கத்தில் நீட்டினாள். படத்திலும் அதே கோணல். இராசரத்தினம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு விரலைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், வாய்விட்டுச் சிரித்தார்.

"என்ர திரைச்சீலைக்கு விரல் இல்லைப் பிள்ளை. படத்தை நீங்களே வைச்சுக்கொள்ளுங்கோ."

வீரமுத்துவின் முகம் தொங்கிப்போயிருந்தது. "அப்ப இத்தன நாளா ஒன் வெரலுக்கா பொட்டு வச்சேன்?"

"நானா வைக்கச் சொன்னேன்?"

கூடம் முழுக்கச் சிரிப்பு. வீரமுத்து மட்டும் சிரிக்கவில்லை.

வீடு திரும்பும்போது ரப்பர் மரங்களுக்கு நடுவே அவர் முன்னால் நடந்தார். முத்தாயிக்குப் பயமாகவும் பாவமாகவும் இருந்தது. திட்டினால் என்ன சொல்வது, அழுதால் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே பின்னால் போனாள். பாதி வழியில் அவர் நின்றார்.

"ஏன் முத்தாயி, அவ்வளவு நேரம் துணியைத் தூக்கிப் பிடிச்சியே, கை வலிக்கலியா?"

திட்டையும் அழுகையையும் யோசித்தவள் இதை யோசித்திருக்கவில்லை.

"வலிச்சுச்சுங்க" என்றாள். கண் நிறைந்துவிட்டது.