வெள்ளி, சனி பிரபுவின் முறை

அப்பா பொன்னுத்துரைக்குப் பக்கவாதம் வந்து இருபத்து மூன்று நாளாகியிருந்தது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சும் குழறியது. மூத்த மகள் அறிவுச்செல்விதான் அவரைத் திண்டுக்கல்லில் தன் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டாள். அவள் வேலை பார்த்த மருந்துக்கடைக்காரர், வாரக் கடைசி மூன்று நாளாவது வரச்சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தார். கணவன் மதியழகன் லாரி எடுத்துப் போனால் எப்போது திரும்புவான் என்று சொல்ல முடியாது.

தம்பி பிரபு குஜிலியம்பாறையில் விவசாயம் பார்த்தான். அப்பா எப்படி இருக்கிறார் என்று தினமும் போனில் கேட்பான். வந்தது ஒரே தடவை, அதுவும் ஆஸ்பத்திரி வாசலோடு சரி.

அன்று அப்பாவைத் தூக்கி உட்காரவைக்கையில் அவளுக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. இருவருமாகக் கட்டிலில் சரிந்தார்கள். ஒருவழியாக எழுந்ததும் பிரபுவைக் கூப்பிட்டாள். அழவில்லை, ஏசவில்லை.

"வெள்ளி, சனி உன் முறை. குளிப்பாட்டணும், கஞ்சி ஊட்டணும், கைகாலை நீட்டி மடக்கணும். நான் காட்டித் தாரேன். வந்துரு."

வேலை இருக்கிறது என்று சொல்லப்போகிறான் என நினைத்தாள்.

"அவர அப்படிப் பார்க்கப் பயமா இருக்குக்கா."

அவள் கோபம் இறங்கிவிட்டது. பிடியை மட்டும் விடவில்லை.

"எனக்கும் பயந்தான்டா. பயந்துக்கிட்டேதான் பார்க்குறேன். வா, சேர்ந்து பார்ப்போம்."

வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸில் வந்து இறங்கினான். குளிப்பாட்டும்போது தண்ணீரை அப்பா காதிலேயே ஊற்றினான். அவர் முகத்தைச் சுளித்துக் குழறலாக என்னவோ சொன்னார்.

"திட்டுறாரு," என்றாள் அக்கா.

சிரிக்கத் தொடங்கியவன் அழுதுவிட்டான். அப்பா இடது கையால் அவன் தோளைப் பிடித்துக்கொண்டார். அழுகை அடங்கும்வரை பொறுத்திருந்து, அறிவுச்செல்வி துண்டை நீட்டினாள்.

அடுத்த வாரம் அவன் தனியாகவே சமாளித்தான். அவள் கடைக்குப் போனாள். மதியழகன் முதலாளியிடம் பேசி ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில் இருக்கும்படி செய்துகொண்டான்; மாமனாருக்குச் சவரம் செய்துவிடுவதும் அவன் பொறுப்பானது. பிரபுவின் மனைவி கௌசல்யா, தோட்டத்தைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிப் புருஷனை அனுப்பிவைத்தாள்.

இரண்டு மாதத்தில் அப்பா சுவரைப் பிடித்து நின்றார். நடக்க இன்னும் ஆறு மாதமாகலாம் என்றார் டாக்டர்.

"ஆகட்டும் சார், நாங்க நாலு பேர் இருக்கோம்," என்றாள் அறிவுச்செல்வி. பிரபு அதற்குள் அப்பாவின் செருப்பை எடுத்து மாட்டிவிட்டுக்கொண்டிருந்தான்.