கேரட்டும் ஒரு கேள்வியும்

"உப்பு சரியா இருக்கா, லீனா?"

"இருக்கு. வேற ஏதாவது கேக்கணுமா?"

"புளிப்பு?"

"அதுவும் இருக்கு, விஞ்ஞானி."

பிரேசர் டவுனில் லீனாவின் வீட்டுப் படியேறும்போது, போன மாதத்து இந்தப் பேச்சு நினைவுக்கு வந்து ஸ்ரீகண்டன் தன் தலையில் தானே குட்டிக்கொண்டான். கல்யாணம் பண்ணிக்கொள்கிறீர்களா என்று கேட்க வாயைத் திறந்தவன், புளிப்பை விசாரித்துவிட்டு வந்திருந்தான். இதில் முனைவர் பட்டம் வேறு.

பொம்மசந்திராவில் ஓர் உணவுக் கம்பெனியின் ஆய்வகத்தில் அவனுக்கு வேலை. பச்சைக் கேரட்டை வெறுமனே மென்றால் அதன் சத்தில் கொஞ்சம்தான் உடம்பில் சேரும். எண்ணெயைக் கண்ணுக்குத் தெரியாத துளிகளாக்கி, நீரோடு பால்போலக் கலந்து மேலே ஊற்றினால் அதிகம் சேரும். அந்தக் கலவைதான் எமல்ஷன். சொந்தக்காரர்களோ அதைச் சுவருக்கு அடிக்கிற பெயிண்ட் என்றே நினைத்தார்கள்.

"ருசி பார்த்துச் சொல்லுங்க" என்று, கணக்குப் பிரிவு லீனாவுக்கு மாதக்கணக்கில் மதியம்தோறும் டப்பா நிறைய அதை ஊற்றிய கேரட் கொண்டுபோனான். அவளருகில் உட்கார அவனுக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான். அவன் சாப்பிட்டது என்னவோ தயிர்சாதம்.

இன்று அவள் வரவில்லை. மஞ்சள் காமாலையாம் என்றார்கள். சாத்துக்குடிப் பையோடு ஓடிவந்துவிட்டான்.

கதவைத் திறந்த அவள் அம்மா ஏற இறங்கப் பார்த்தார். "நீங்கதானா அந்தக் கேரட்டு?"

உள்ளே சோபாவில் லீனா சிரித்தபடி இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டினாள். பளிச்சென்ற மஞ்சள்.

"காமாலைன்னு மம்மி டாக்டர்கிட்ட இழுத்துட்டுப் போனாங்க. கண்ணு வெள்ளையா இருக்கு, ரத்தமும் சரியா இருக்கு, தினம் என்னம்மா சாப்பிடறேன்னு கேட்டார். கேரட் சத்தோட நிறம்தானாம், குறைச்சா தானா போயிடுமாம்."

ஸ்ரீகண்டனுக்கு உயிர் திரும்பியது. அடுத்த நொடியே, 'அப்படின்னா சத்து சேர்ந்திருக்கு!' என்று வெட்கங்கெட்ட மனசு துள்ளியது. பிடிக்க ஆசைப்பட்ட கைக்கே சாயம் பூசியிருக்கிறான். சொந்தக்காரர்கள் சொன்னது சரிதான், பெயிண்ட்தான்.

"எல்லாத்தையும் ஏங்க சாப்பிட்டீங்க? கொஞ்சம் மிச்சம் வெச்சிருக்கலாமே?"

"எனக்குக் கேரட்டே பிடிக்காது."

"அப்புறம்?"

"டப்பா காலியானாத்தானே மறுநாள் நிரப்பிட்டு வருவீங்க."

சமையலறையில் பாத்திரச் சத்தம் சட்டென்று நின்றது. ஸ்ரீகண்டனின் நாக்கு, பழகிய பாதையில் உப்பை நோக்கி நகர்ந்தது. பல்லைக் கடித்து அதை நிறுத்தினான்.

"லீனா..."

"சொல்லுங்க. உப்பா, புளிப்பா?"

"என்னைக் கல்யாணம் பண்ணிக்கிறீங்களா?"