ஊசிமுனைத் துளை

புக்கிட் தெங்கா லாரிப் பட்டறையில், காற்றில் ஓடும் பம்பை வைத்து லாரிகளுக்குக் கிரீஸ் அடித்துக்கொண்டிருந்தான் குகன். மதியச் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னால் கிரீஸ் சரியாக வரவில்லை. குழாயில் எங்கோ கசிகிறது போல என்று, காற்றை அடைக்காமலே இடது கையால் அதைத் தடவிப் பார்த்தான். ஆள்காட்டி விரலில் எறும்பு கடித்ததுபோல் சுருக்கென்றது. அவ்வளவுதான். ரத்தம்கூட வரவில்லை.

பிளாஸ்டர் கேட்டு அலுவலகத்துக்குப் போனான். அங்கே கணக்கு எழுதும் கிராணியாக இருந்த குணவதி அக்கா விரலைத் திருப்பிப் பார்த்தாள். ஊசிமுனை அளவு துளை. சுற்றிலும் தோல் வெளுத்திருந்தது. எப்படி ஆனது என்று அவன் சொன்னதுமே தன் காரின் சாவியைக் கையில் எடுத்தாள். அவள் முன்பு வேலை பார்த்த இடத்தில் ஒருவர் இப்படித்தான் வலியில்லை என்று வீட்டுக்குப் போய், பிறகு விரலையே இழந்திருந்தார்.

“வலிக்கவே இல்லக்கா. வேலைய முடிச்சிட்டுப் போறேன்லா.”

“தம்பி, உள்ள போனது கிரீஸ். அது போன வேகத்துக்கு எலும்பு வரைக்கும் போயிருக்கும். ஆபரேஷன் இருக்கும், ஒண்ணும் சாப்பிடாத. வந்து காடில ஏறு.”

குகனோடு வேலை பார்க்கும் ஷாருலைக் கூப்பிட்டு, பம்புக்கு வரும் காற்றை அடைத்து, குழாயில் மிச்சமிருக்கும் அழுத்தத்தையும் வெளியேற்றிய பிறகுதான் அதைத் தொட வேண்டும் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

தீவுக்குப் போகும் கடல் பாலத்தின் நடுவே வரும்போது விரல் விண்விண்ணென்று தெறிக்கத் தொடங்கியது. தீவுக் கரையை எட்டுவதற்குள் விரல் கணு மடங்காமல் போனது. காலையில் மகளுக்குத் தலை பின்னிவிடுவது அவன்தான். இனி முடியுமா என்று நினைத்தான். அக்கா வேகத்தைக் கூட்டினாள்.

ஜார்ஜ் டவுன் மருத்துவமனையில் விவரம் கேட்டதும் நேரே அறுவை அறைக்குக் கொண்டுபோனார்கள். விரலைத் திறந்து, உள்ளே பரவியிருந்த கிரீஸை வழித்துக் கழுவினார்கள்.

கண் விழித்தபோது மனைவி மோகனா பக்கத்தில் இருந்தாள். டாக்டர் ஹனா வந்து, கட்டுக்கு வெளியே தெரிந்த விரல்நுனியை அழுத்திப் பார்த்தார். வெளுத்த இடத்தில் ரத்தம் உடனே திரும்பியது. ஒரு நாள் தள்ளி வந்திருந்தால் விரலையே எடுத்திருக்க வேண்டும், இனி பயமில்லை என்றார்.

“மெதுவா மடக்குங்க, பாப்போம்.”

கொஞ்சம்தான் மடங்கியது. ஆனால் மடங்கியது. மோகனா முகத்தைத் துப்பட்டாவில் புதைத்துக்கொண்டாள். குகன் இன்னொரு தடவை மடக்கிப் பார்த்தான். வலித்தது. அந்த வலி அவனுக்குப் பிடித்திருந்தது.