மூன்று புள்ளி ஒன்று

அக்காவும் தம்பியும் அந்தக் கருவிக்கு எருமை என்று பெயர் வைத்திருந்தார்கள். கறுப்பு நிறம், பதினெட்டு கிலோ, நினைத்தால் நடக்கும், நினைத்தால் படுத்துக்கொள்ளும். அது ஒரு பழைய சாம்ப்ளர். எந்தச் சத்தத்தையும் சில நொடிகள் பதிவு செய்து கீபோர்டு கட்டைகளில் ஏற்றி வாசிக்கலாம். நாய் குரைப்பை ஏற்றினால் நாய்க் குரலிலேயே ஒரு பாட்டு வாசித்துவிடலாம். அதைச் செய்த நிறுவனத்தை இழுத்து மூடி இருபத்தைந்து வருடமாகிறது. உள்ளே இரண்டு சிப்புகளில் அதன் ஆபரேட்டிங் சிஸ்டம் இருந்தது. நிறுவனம் கடைசியாக விட்ட வெர்ஷன் 2.4. அதிலிருந்த கோளாறுகளைத் திருத்த அதன்பிறகு யாரும் இல்லை.

அக்கா திருத்தினாள். மீட்டர் சோதனைக்கூடத்தில் அவளுக்கு வேலை. நாளெல்லாம் மீட்டர்களை ஓட்டிப் பார்த்து, தப்பாக ஓடுவதை ஒதுக்கி வைப்பாள். காலையில் வேலைக்குக் கிளம்புமுன் ஒன்றரை மணி நேரம், ஞாயிற்றுக்கிழமை முழுசாக, நான்கு வருடம் உட்கார்ந்து அந்தச் சிப்புகளில் இருந்ததை வரி வரியாகப் பிரித்துப் படித்தாள். பிறகு வெர்ஷன் 3.0 எழுதினாள். சத்தங்களைச் சேமித்து வைக்கும் பிளாப்பி டிஸ்க்கிலிருந்து சத்தம் ஏறும் நேரம் பாதியானது. நடுவில் ஹேங் ஆகி நிற்பது அறவே நின்றது.

தம்பிக்கு டயர் கடைக்கு மேலே, மாடியில், கீபோர்டு ரிப்பேர் கடை. வாடிக்கையாளர்களுக்கான சிப்பில் ஏற்றுவது, பெட்டியைத் திறந்து மாட்டுவது, வருகிறவர்களிடம் பேசுவது எல்லாம் அவன் பொறுப்பு. பேச்சில் மன்னன். எழுபத்தோரு பேரின் எருமைக்கு 3.0 மாட்டிக் கொடுத்தான். வெளியூர்க்காரர்களுக்கு சிப்புகளைப் பார்சலில் அனுப்பினான்.

ஆன் செய்ததும் எருமையின் சின்னத் திரையில் நாற்பது எழுத்து வரும். பழைய வெர்ஷனில் நிறுவனத்தின் பெயர் வரும். அந்த இடத்தில் இருவர் பெயரும் வரவேண்டும் என்று பேசி, அக்கா அப்படியே எழுதியும் கொடுத்திருந்தாள். ஒருநாள் கடையில் வாடிக்கையாளர் ஒருவரின் கருவியை ஆன் செய்து பார்த்தாள். தம்பியின் கடைப் பெயர் வந்தது. கீழே அவன் போன் நம்பர். அவ்வளவுதான்.

"என்னடா இது?"

"இடம் பத்தலக்கா. நாப்பது எழுத்துதானே."

"நம்பருக்கு இடம் இருந்துச்சு, எனக்கு இல்லையா?"

"ரிப்பேர்னா என்னைத்தானே கூப்பிடுவாங்க? உன் பேரப் பாத்து உன்னையா கூப்பிடப் போறாங்க?"

அவனுக்குச் சிஸ்டத்தில் ஒரு வரி எழுதத் தெரியாது. தெரிந்தது அந்த நாற்பது எழுத்தை மாற்ற மட்டும்தான். தெரிந்த அந்த ஒன்றை வைத்து அக்காவின் பெயரை அழித்துவிட்டான் என்பதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை. ஸ்க்ரூடிரைவரை மேஜைமேல் வைத்துவிட்டு இறங்கிப் போனவள், அதன்பின் அந்த மாடிப்படி ஏறவில்லை. தம்பி மனைவி இரண்டு தடவை போன் செய்து, "அவர்தான் அப்படின்னா நீங்களுமா அண்ணி?" என்று கேட்டுப் பார்த்தாள். மூன்றாவது தடவை அக்கா போனை எடுக்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், வீட்டிலிருந்த தன் எருமையில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தபோது, 3.0இல் அவள் தானே விட்ட ஒரு தப்பு அகப்பட்டது. டிஸ்க் கிட்டத்தட்ட நிரம்பியிருந்து, பழைய பெயரிலேயே மறுபடி சேமித்தால், எந்தச் சத்தம் எங்கே இருக்கிறது என்ற பட்டியல் முழுக்க அழிந்துவிடும். திரையில் 'சேமித்தாயிற்று' என்றே வரும். அடுத்த முறை போட்டால் டிஸ்க் காலி என்று சொல்லும்.

மூன்று வரியில் திருத்திவிட்டாள். 3.1 என்று எண் போட்டு, சோதனைக்காக வீட்டில் வைத்திருந்த இரண்டு சிப்பில் ஏற்றினாள். வெளிச்சம் பட்டால் அந்தவகைச் சிப்பில் இருப்பது நாளடைவில் அழிந்துவிடும் என்பதால், சிப்பின் மேலிருக்கும் சின்னக் கண்ணாடிச் சன்னலை ஸ்டிக்கர் ஒட்டி மூடினாள். வழக்கம்போல் அதில் வெர்ஷனையும் தேதியையும் எழுதினாள். தம்பிக்குச் சொல்ல போனைக் கையில் எடுத்தாள். 'இடம் பத்தலக்கா' என்ற குரல் காதுக்குள் கேட்டது. திரையில் அவன் நம்பர்தானே இருக்கிறது, அவனையே கூப்பிடட்டும் என்று போனைக் கீழே வைத்தாள்.

ஏழு மாதம் ஓடியது. யாரும் கூப்பிட்டதாகத் தெரியவில்லை. பெரிய ஆபத்தில்லை போலிருக்கிறது என்று அவளும் விட்டுவிட்டாள்.

ஒரு வெள்ளிக்கிழமை மதியம் சோதனைக்கூட வாசலில் இடிக்காரர் வந்து நின்றார். நாடகக் குழு ஒன்றுக்கு முப்பது வருடமாகச் சத்தம் போடுகிறவர். மேடைக்குப் பக்கத்தில் எருமையோடு உட்கார்ந்து, நடிகர் கதவைச் சாத்தும்போது கதவு, குதிரை வரும்போது குளம்பு, வானம் கோபிக்கும்போது இடி. அவருடைய இடிக்கு முன்வரிசைக் குழந்தைகள் அழும். அதனால் அந்தப் பெயர்.

"ஏம்மா, உன் தம்பிய நம்பி என் பொழப்பே போச்சு. திங்கக்கிழமை புது நாடகம். பதினோரு டிஸ்க்கும் காலின்னு சொல்லுது."

அவளுக்கு அந்த மூன்று வரி ஞாபகம் வந்தது. எதற்கும் கேட்டாள்: "அதே பேர்ல திரும்ப சேவ் பண்ணீங்களா?"

"சீசன் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் சுருதி பாத்து சேவ் பண்ணுவேன். நகல் டிஸ்க்லயும் மேலயே சேவ் பண்ணிட்டேன். அதான் வழக்கம். உன் தம்பி என்னடான்னா டிஸ்க்ல பூசணம்ங்கறான். பதினோரு டிஸ்க்லயும், நகல்லயும், ஒரே நாள்ல பூசணம் பிடிக்குமா?"

"மெஷின் எங்கே?"

"அவன் கடையிலதான். பிரிச்சுப் போட்டிருக்கான்."

டிஸ்க்குகளை எழுதிய அதே கருவியின் டிரைவில்தான் அவற்றை நன்றாகப் படிக்க முடியும். வேறு வழியில்லை. மறுநாள் காலை 3.1 சிப்புகளை ஒரு சின்ன டப்பாவில் வைத்துக்கொண்டு, ஒன்பது மாதத்துக்குப் பிறகு அந்த மாடிப்படி ஏறினாள்.

தம்பி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இடிக்காரர் ஜன்னலோரம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

"வழி தெரிஞ்சுதா?" என்றான் தம்பி, சால்டரிங் இரும்பைப் பார்த்துக்கொண்டே.

"உன்னைப் பாக்க வரல. தள்ளு."

"என் கடை. என்னையே தள்ளுன்றியா?"

"பூசணம்னு சொன்னியாமே? வாயில வந்ததெல்லாம் சொல்லுவியா? டிஸ்க்ல சத்தமெல்லாம் அப்படியேதான் இருக்கு. பட்டியல்தான் போச்சு. 3.0ல தப்பு இருக்கு."

"உன் 3.0தானே!"

"என்னோடதுன்னு இப்பதான் ஞாபகம் வருதா? திரையில உன் பேரைத்தானே பார்த்தேன்!"

"ஐயா சாமிகளா," என்றார் இடிக்காரர், "திங்கக்கிழமை."

பட்டியலை டிஸ்க்கில் திரும்ப எழுதவேண்டும். 3.0 இருக்கிற கருவியில் எழுதினால் மறுபடி அழியும். அவள் டப்பாவைத் திறந்தாள். தம்பி பழைய சிப்புகளைக் கழற்றிவிட்டு, புதியவற்றைக் கேட்டுக் கையை நீட்டினான். அவள் கொடுத்தாள். சாக்கெட்டில் எந்தப் பக்கம் திரும்பி உட்காரவேண்டும் என்று பார்க்க, அவன் சிப்பைக் கண்ணுக்குப் பக்கத்தில் தூக்கிப் பிடித்தான். அப்படியே நின்றான்.

"இது என்ன தேதி?"

அவளுக்கு அப்போதுதான் ஸ்டிக்கர் நினைவு வந்தது.

"கேக்கறேன்ல? ஏழு மாசத்துக்கு முந்தின தேதி போட்டிருக்கு. ஏழு மாசமா உனக்குத் தெரியுமா?"

அவள் டப்பாவை மூடினாள்.

"சார், கேட்டீங்களா? என் மேல கோவம்னு உங்க டிஸ்க்கை அழிய விட்டிருக்கா. தெரிஞ்சே!" குரலில் கோபத்தைவிடக் கொண்டாட்டம்தான் அதிகம் இருந்தது. ஒன்பது மாதமாகத் தேடிய சாட்சி கையில் கிடைத்ததுபோல அந்தச் சிப்பைத் தூக்கிக் காட்டினான்.

இடிக்காரர் அவளைப் பார்த்தார். கத்துவார் என்று எதிர்பார்த்தாள். "அப்படியாம்மா?" என்று மட்டும் கேட்டார். அவள் தலையாட்டினாள். "சரி, மாட்டுங்க" என்றார் அவர்.

அந்த இரண்டு நாளும் மூவரும் அந்த அறையில் இருந்த இருப்பு எதிரிக்கும் வரக்கூடாது. ஒவ்வொரு டிஸ்க்கையும் முதலிலிருந்து ஓட்டிக் கேட்டு, ஒரு சத்தம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று அக்கா குறிப்பாள். அது என்ன சத்தம் என்று இடிக்காரர் சொல்லவேண்டும். தம்பி டிரைவைச் சுத்தம் செய்து டிஸ்க் மாற்றிக் கொடுப்பான்.

"கதவு."

"எந்தக் கதவு சார்?"

"ஜெயில் கதவு. இது வீட்டுக் கதவு இல்ல. காதுல விழல?"

டிஸ்க் மாற்றும்போதெல்லாம் தம்பி, காற்றிடம் சொல்வதுபோல, "ஏழு மாசம்" என்றான். ஐந்தாவது தடவை அவள் பேனாவை மேஜையில் அறைந்தாள்.

"ஆமாடா, ஏழு மாசம்! என் நாலு வருஷத்தை நீ ரெண்டு நிமிஷத்துல அழிச்ச. பட்டியல் போனா எப்படி இருக்கும்னு உனக்குக் காட்டணும்னு நெனச்சேன். போதுமா?"

"எனக்குக் காட்டறதுன்னா எனக்குக் காட்டு. அவரு என்ன பண்ணாரு?"

அவள் பேனாவை மறுபடி எடுத்தாள். அவன் கேட்டது நியாயம் என்பதுதான் எல்லாவற்றையும்விட எரிச்சலாக இருந்தது.

ஞாயிறு மாலைக்குள் ஒன்பது டிஸ்க் திரும்பி வந்தது. இரண்டு வரவில்லை. அவற்றில் அவர் இரண்டு முறை மேலெழுதியதில் சத்தமும் அழிந்திருந்தது. ஒன்றில் சந்தைக் கூட்டத்தின் இரைச்சல், ஒன்றில் மழை. நகலிலும் அதே கதிதான்.

இடிக்காரர் எழுந்து, "கம்பெனிக்காரன் போட்ட 2.4 சிப்பு இருக்கா?" என்று கேட்டார்.

"இருக்கு சார். ஆனா 3.1 இப்ப சரியா—" என்று ஆரம்பித்தான் தம்பி.

"அதை மாட்டு. டிஸ்கெல்லாம் அதுல படிக்கிற மாதிரி மாத்திக் குடுக்கட்டும், உங்க அக்கா. மெதுவா ஏறினாலும் பரவால்ல, ஹேங் ஆனாலும் ஆஃப் பண்ணி ஆன் பண்ணிக்கறேன். அந்தக் கம்பெனிக்காரனுக்கு என்னையும் தெரியாது, உங்க ரெண்டு பேரையும் தெரியாது. அதனால அவன் என்னை ஒண்ணும் பண்ணல."

மாற்றிக் கொடுத்தார்கள். அவர் நன்றி சொல்லவில்லை. எருமையைப் படியிறக்கத் தம்பி தூக்க வந்தபோது, "விடு" என்று சொல்லி, கீழேயிருந்த டயர் கடைக்காரரைக் கூப்பிட்டுத் தூக்கவைத்தார்.

திங்கட்கிழமை அக்கா நாடகத்துக்குப் போனாள். கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். இடி அருமையாக விழுந்தது. சந்தைக் காட்சியில் திரைக்குப் பின்னாலிருந்து நடிகர்களே ஆளுக்கொரு பக்கம் கத்தினார்கள். ஆறு பேர் கத்துவது ஆறு பேர் கத்துவதுபோலவே கேட்டது. முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அவள் இடைவேளையில் எழுந்து வந்துவிட்டாள்.

இன்னும் எழுபது பேரிடம் 3.0 இருந்தது. அவர்களின் முகவரிப் பட்டியல் தம்பியிடம்தான் இருந்தது. அடுத்த சனிக்கிழமை போய்க் கேட்டாள்.

"குடுக்க முடியாது. என்ன எழுதப் போறே? சிஸ்டம்ல தப்புன்னா? திரையில இருக்கறது என் கடைப் பேரு. நாறிடும்."

"எழுதாம விட்டா?"

அவன் நாற்காலியை இழுத்துப் போட்டான். பிறகு, "எழுதறதுன்னா நீ மறைச்சதையும் எழுதணும்" என்றான்.

"எழுதறேன். நீ என் பேரை அழிச்சதையும் எழுதுவேன்."

"அது அவங்களுக்கு எதுக்கு?"

"நான் ஏன் மறைச்சேன்னு கேப்பாங்கல்ல?"

அவன் கடையின் கம்ப்யூட்டரிலேயே உட்கார்ந்து மின்னஞ்சல் கடிதத்தை எழுதினார்கள். அவள் 'தாமதமாகத் தெரிவிக்கிறேன்' என்று அடித்தாள். அவன் பின்னாலிருந்து, "தாமதமா? தெரிஞ்சே ஏழு மாசம்னு போடு" என்றான். போட்டாள். தன் பங்குக்கு அவன் கீபோர்டை இழுத்து 'திரை வாசகத்தில் சிறு மாற்றம்' என்று அடித்தான். "சிறு மாற்றமா? சொல்லாம அழிச்சேன்னு அடி" என்றாள். அடித்தான். அவன் பூசணம் என்று சொன்னதும் கடிதத்தில் ஏறியது. அவள் போனைக் கையில் எடுத்துவிட்டுக் கீழே வைத்ததும் ஏறியது. ஒருவர் தப்புவதற்கு மற்றவர் விடவில்லை. கடைசியில் படித்துப் பார்த்தபோது, அதில் ஒரு பொய்கூட இல்லை. இரண்டு பேருக்கும் அதைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. அவன்தான் அனுப்பும் பொத்தானை அழுத்தினான்.

பதில்கள் வந்தன. பதினாறு பேர் திட்டினார்கள். ஒருவர், வக்கீலைப் பார்க்கிறேன் என்றார். நாலைந்து பேர் ஏற்கெனவே டிஸ்க்குகளை இழந்து, வாங்கின டிஸ்க் சரியில்லை என்று நினைத்துத் தூக்கிப் போட்டிருந்தார்கள். அந்தக் கடிதங்களை அக்கா ஒவ்வொன்றாக முழுசாகப் படித்தாள். ஒருவர் மட்டும், இதெல்லாம் இருக்கட்டும், 4.0 எப்போது என்று கேட்டிருந்தார்.

பழைய சிப்புகள் பார்சல் பார்சலாகத் திரும்பி வந்தன. சனிக்கிழமைகளில் அவள் வந்து மேஜையின் ஒரு முனையில் உட்கார்ந்து 3.1 ஏற்றினாள். மறுமுனையில் அவன் பார்சல் கட்டினான். "டேப்", "கத்திரி", "அடுத்தது" என்பதற்கு மேல் பேச்சில்லை. சாப்பாட்டு நேரத்தில் தம்பி மனைவி இரண்டு தட்டு கொண்டுவந்து வைப்பாள். அக்கா தன் தட்டை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போய்விடுவாள்.

மூன்றாவது சனிக்கிழமை தம்பி தலை நிமிராமல் சொன்னான்: "இடி சார் மெஷினை ரிப்பேருக்கு வேற ஆளுகிட்ட குடுத்திருக்காராம். பஸ்ல நாலு மணி நேரம் போகணும். அங்கேயே குடுத்திருக்காரு."

"யார் சொன்னா?"

"டயர் கடைக்காரர். எனக்கு நிரந்தரக் கஸ்டமரா இருந்தாரு. போய்ட்டாரு. இப்ப உனக்குத் திருப்தியா?"

"உனக்கு?"

இன்னும் இருபத்துமூன்று பார்சல் பாக்கி இருந்தது. அடுத்ததை அவன் மேஜைமேல் தள்ளினான். அவள் பிரித்தாள்.