ஏழாம் கதவு

1

இந்தக் கதை என் வலது முழங்காலில் தொடங்கியது. படியில் சறுக்கி விழுந்து, வீங்கிய முழங்காலோடு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். எக்ஸ்ரே எடுக்கும் பெண் என் சீட்டைப் பார்த்துவிட்டு, "கதை எழுதுறவங்களா சார்?" என்றாள். ஆமாம் என்றேன். "காலை ஆட்டாதீங்க" என்றாள்.

படம் எடுத்து முடித்ததும் என் எலும்பைக் காட்டப்போகிறாள் என்று நினைத்தேன். திரையில் அவள் காட்டியது ஒரு சாவி.

"இதை எழுத முடியுமா பாருங்க. ஆனா எழுதினதும் எனக்குக் காட்டணும்."

2

முதல் வரிக்காகப் பட்ட பாடு இது:

மண்ணுக்குள் கிடந்த சாவி ஒரு ரகசியத்தைப் போல— (விட்டுவிட்டேன். 'போல' என்று நான் ஆரம்பித்தால் சொல்லவேண்டியதைத் தள்ளிப்போடுகிறேன் என்று பொருள்.)

அந்த நாளும் வழக்கம்போலத்தான் விடிந்தது, ஆனால்— (எந்த நாள்தான் வேறு மாதிரி விடிந்திருக்கிறது?)

நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன். அவள் வீட்டுக் கொல்லையில் தண்ணீர்க் குழாய் கசிந்தது. குழாய்க்காரர் துவைக்கிற கல்லை நகர்த்திவிட்டுத் தோண்டினார். ஒரு முழ ஆழத்தில் ஒரு செங்கல். அதைப் பெயர்த்தால் அடியில் துருப்பிடித்த இரும்புக் கட்டி ஒன்று.

"ஏதோ சாவிங்க" என்று அவள் கையில் வைத்தார். "தானா விழுந்தது இல்ல. குழி வெட்டிப் போட்டு, மேல கல் வெச்சு மூடியிருக்காங்க."

3

மறுநாள் அதைக் கைப்பையில் போட்டு வேலைக்கு எடுத்துப்போனாள். மதியம் ஆள் இல்லாத நேரத்தில், நோயாளிகள் கையை நீட்டி வைக்கும் பலகையில் அந்தக் கட்டியை வைத்துப் படம் எடுத்தாள். (ஆஸ்பத்திரி நிர்வாகத்தினர் படித்தால்: இது முழுக்கக் கற்பனை.) துருவுக்குள்ளே சாவி முழுசாகத் தெரிந்தது. நீளத் தண்டு, இரண்டு பல். வளையத்தில் ஒரு தகர வில்லை. அதில் ஆணியால் குத்திய ஓட்டைகள் சேர்ந்து '7' என்று இருந்தன.

சாயங்காலம் போன பூட்டுக் கடையில், கடைக்காரர் படத்தைப் பார்க்கவில்லை. துருவைச் சுரண்டி எடுத்துவிட்டுச் சாவியைக் கையில் எடை பார்த்தார்.

"வீட்டுச் சாவி இல்லம்மா. இரும்புக் கதவோடது. நம்பர் கட்டி வெச்சிருக்குன்னா நிறைய கதவு இருக்கிற இடம். ஃபேக்டரி, கிடங்கு, அந்த மாதிரி. உங்க வீட்ல யாராவது அப்படி வேலை பார்த்தாங்களா?"

"இல்லையே" என்றாள்.

அந்த 'இல்லையே'யை ஏன் சொன்னாய் என்று நான் கேட்டபோது, "வாய் சொல்லிடுச்சு சார். எனக்குக் காதெல்லாம் அடைச்சுப்போச்சு" என்றாள்.

4

ஏன் அடைத்தது என்று இங்கே சொல்லியாக வேண்டும்.

முப்பத்திரண்டு வருடங்களுக்கு முன்னால் அந்த ஊரில் ஓர் ஆயத்த ஆடைத் தொழிற்சாலை எரிந்தது. பின்பக்கக் கதவு பூட்டிக் கிடந்ததால் ஒன்பது பெண்கள் உள்ளேயே செத்துப்போனார்கள். அது ஏழாம் கதவு. சாவி கடைசிவரை கிடைக்கவில்லை. வாட்ச்மேன் கோர்ட்டில் சொன்னார்: "வெளிய போறப்ப சூப்பர்வைசர் கையில குடுத்துட்டுத்தான் போனேன்." சூப்பர்வைசருக்கு நாலு வருடம் ஜெயில்.

அந்த வாட்ச்மேன் இவளுடைய அப்பா. ஒரே வீட்டில்தான் இருக்கிறார்கள். அன்று காலையிலும் அவருக்குக் காப்பி கொடுத்துவிட்டுத்தான் அவள் வேலைக்குக் கிளம்பியிருந்தாள்.

5

இந்த இடத்தை நான் முதலில் எழுதியது இப்படி:

மகள் சாவியை நீட்டினாள். கிழவர் கண்களைத் தாழ்த்தினார். முப்பத்திரண்டு வருடம் நெஞ்சில் சுமந்த பொய் இன்று—

எனக்கு இது மிகவும் பிடித்திருந்தது. பொய்யனை எழுதுவது சுலபம். அவனுக்கு ஒரு முகத்தை மாட்டிவிட்டால் மற்றதை வாசகர்களே பார்த்துக்கொள்வார்கள். கொடுத்த வாக்குப்படி அவளிடம் கொண்டுபோய்க் காட்டினேன். நின்றபடியே படித்துவிட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்தாள்.

"எங்கப்பா கண்ணைத் தாழ்த்தல சார். கையை நீட்டினாரு."

6

நடந்தது இதுதான்.

அப்பா பூதக்கண்ணாடி வைத்துப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவள் பேப்பர்மேலேயே சாவியை வைத்தாள். வழியெல்லாம் சேர்த்துவைத்த கேள்விகளோடு எதிரே நின்றாள். அவர் கையை நீட்டிச் சாவியை எடுத்தார். கட்டைவிரலால் வில்லையைத் தேய்த்தார். முகம் மலர்ந்தது.

"ஏழாம் கதவும்மா இது. நான்தான் ஆணி வெச்சுக் குத்தினேன். கிடைச்சிடுச்சா? அந்த சூப்பர்வைசர் எங்க போட்டு வெச்சிருந்தாரு?"

திட்டுவதற்காக வந்தவள், அவருடைய சந்தோஷத்துக்கு முன்னால் என்ன செய்வது என்று தெரியாமல் நின்றாள்.

"நம்ம வீட்லப்பா" என்றாள். "துவைக்கிற கல்லுக்கு அடியில."

அவர் சிரிக்கப் பார்த்தார். பிறகு சாவியைப் பேப்பர்மேல் வைத்துவிட்டுக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். மறுபடியும் துடைத்தார்.

"அன்னிக்கு உனக்குக் காய்ச்சல்" என்று மெதுவாக ஆரம்பித்தார். "வலிப்பு வந்துடுச்சுன்னு ஆள் வந்து சொன்னாங்க. சைக்கிள்ல பறந்து வந்தேன். தூக்கினதும் என் சட்டை முழுக்க வாந்தி எடுத்துட்ட. உங்கம்மா சட்டையைக் கழட்டி வாங்கிக்கிட்டா. வேற ஒண்ணு மாட்டிக்கிட்டு, உன்னையும் உங்கம்மாவையும் டாக்டர்கிட்ட விட்டுட்டுத் திரும்பிப் போறேன், தெருமுனையிலயே புகை தெரியுது."

"சாவி, அப்பா?"

"எப்பவும் அவர் கையில குடுத்துட்டுத்தான் போவேன். குடுத்திருப்பேன்னுதான் நினைச்சேன். இருந்தாலும் சாயங்காலம் உங்கம்மாகிட்ட கேட்டேன், பையில ஏதாவது இருந்துச்சான்னு. ஒண்ணும் இல்லைங்கன்னா." சாவியைப் பேப்பரோடு சேர்த்துத் தள்ளி வைத்தார். "அவ சொன்னா நான் எதுக்கும்மா சந்தேகப்படப்போறேன்?"

அம்மா இறந்து எட்டு வருடமாகிறது. அந்தக் கல்லில்தான் கடைசிவரை துணி துவைத்தாள்.

"நான் கோர்ட்ல சத்தியம் பண்ணினேன்மா" என்றார் அப்பா. தன் கையை அதற்கு முன் பார்த்தே இராதவர்போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

(இந்தப் பகுதியில் நான் ஒரு சொல்கூடச் சேர்க்கவில்லை. சேர்த்துப் பார்த்தேன், நிற்கவில்லை.)

7

மறுநாள் காலை அவர் சவரம் செய்து, துவைத்த சட்டை போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். "அவர் வீட்டுக்குப் போகணும். கூட வர்றியா?"

சூப்பர்வைசர் மார்க்கெட்டுக்குப் பின்தெருவில், மாடி வீட்டில் இருந்தார். அவரேதான் கதவைத் திறந்தார். மெலிந்த ஆள், காதில் கருவி. இவர்களை யாரென்று புரிந்ததும் கதவை மூடப்போனார். அப்பா சாவியை நீட்டினார்.

சூப்பர்வைசர் கண்ணாடிகூடப் போடவில்லை. "ஏழு" என்றார். அப்படியே மாடிப்படியில் உட்கார்ந்தார்.

"சார், நீங்க வாங்கவே இல்ல" என்றார் அப்பா. "என் வீட்லதான் இருந்திருக்கு. எனக்கே நேத்துதான் தெரியும்."

சூப்பர்வைசர் நிமிர்ந்து பார்த்தார். அடுத்து அவர் சொன்னதை அவள் இரண்டு முறை எனக்குச் சொல்ல வேண்டியிருந்தது. முதல்முறை எனக்குப் பிடிபடவில்லை.

"வாங்கலைன்னுதான்யா நான் முதல்ல சொன்னேன். வக்கீல் நல்லா யோசிங்கன்னாரு. ஜட்ஜ் யோசிங்கன்னாரு. என் சம்சாரமும் வந்து பாக்குறப்பெல்லாம், யோசிச்சுப் பாருங்கன்னா. ரெண்டாவது வருஷம் ஜெயில்ல உட்கார்ந்திருக்கேன், நீ குடுத்தது ஞாபகம் வந்துடுச்சு. உன் கை வேர்த்திருந்தது, சாவி சூடா இருந்தது, எல்லாம். அன்னியிலருந்து தேடறேன். ஒன்பது பேரைக் கொன்ன சாவியை எங்கடா வெச்சோம்னு. இன்னிக்குக் காலையிலகூட நினைச்சேன்."

தெருவில் ஒரு லாரி பின்னால் நகர்ந்துகொண்டிருந்தது. அது நிற்கட்டும் என்று சூப்பர்வைசர் காத்திருந்தார்.

சூப்பர்வைசர் அப்பாவைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"யாருய்யா புதைச்சது?"

8

மூன்று பதில் எழுதினேன்.

"நான்தான் சார்" என்று அப்பா சொல்வதாக— (செத்துப்போன மனைவியைக் காப்பாற்ற இன்னொரு பொய். நல்ல மனிதர்தான். ஆனால் அந்தப் படியில் உட்கார்ந்திருப்பவருக்கு இன்னும் எத்தனை பொய்யைக் கொடுப்பது?)

"என் சம்சாரம்" என்று சொல்வதாக— (உண்மை. ஆனால் காய்ச்சல் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, ஈரச் சட்டையிலிருந்து அந்தச் சாவியை எடுத்தவள் இங்கே வந்து தன் பக்கத்தைச் சொல்ல முடியாது.)

மகள் முந்திக்கொண்டு— (இல்லை. அவள் வாயே திறக்கவில்லையாம்.)

அப்பா உண்மையில் என்ன சொன்னார் என்று அவள் எனக்குச் சொன்னாள். அதற்குப் பிறகு நடந்ததையும் சொன்னாள்: சாவி இப்போது சூப்பர்வைசர் வீட்டில் இருக்கிறது. அப்பா வாரம் ஒருநாள் அங்கே போகிறார். சில வாரம் கதவு திறக்கிறது, சில வாரம் திறப்பதில்லை. திறக்காத நாளில் படியிலேயே கொஞ்சநேரம் உட்கார்ந்துவிட்டு வருகிறார்.

அந்தப் பதிலை மட்டும் நான் எழுதப்போவதில்லை. மற்றவர்கள் திரும்பத் திரும்பச் சொன்னது ஒரு மனிதருக்குச் சொந்த ஞாபகமாகவே ஆகிப்போனதைக் கேட்டபிறகு, ஒரு பதிலை அச்சில் ஏற்ற எனக்குக் கை வரவில்லை. நான் எழுதினால் அதுதான் நடந்தது என்று உங்களுக்கு ஞாபகமாகிவிடும்.

எதிரே ஒருவர் மாடிப்படியில் உட்கார்ந்து அண்ணாந்து பார்க்கிறார். கேட்டுவிட்டார். காதுக்கருவியைச் சரிசெய்துகொள்கிறார், பதில் ஒரு சொல்கூடத் தவறிவிடக் கூடாது என்று.

நீங்கள் சொல்லுங்கள்.